குண்டுத் தடுப்புச் சபை

சபையின் முழுப்பெயர் 'சிறுவர் மிகைப்பருமன் தடுப்பு மக்கள் பங்கேற்புச் சபை'. பெயர்ப்பலகை எழுதியவரிடம் தகரப் பேணியில் அரைவாசிப் பெயின்ற்தான் மிஞ்சியிருந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அதற்கு மேல் பெயின்ற் தேடுவது நடக்கிற காரியமல்ல. அவர் பலகையையும் பேணியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பொருள் கெடாமல் சுருக்கி, 'சிறுவர் குண்டுத் தடுப்புச் சபை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பலகை மாட்டிய அன்று காலை, குருநகரில் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் அறுபது எழுபது பேர் வெறும் உரப்பைகளோடு வந்து நின்றார்கள். குண்டைத் தடுக்கச் சபை வந்திருக்கிறதாம், மண்மூட்டை போட்டுத் தருகிறார்களாம், பதுங்குகிற பங்கருக்குப் பனங்குற்றியும் கிடைக்குமாம் என்று ஊரெல்லாம் கதை. முன்வரிசையில் நான்கு உரப்பையோடு கனிசியஸ் நின்றார். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு அவர் சைக்கிளில் விறகு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். வீட்டுப் பங்கரின் ஒரு பக்கம் மழைக்கு இடிந்து கிடந்தது.

சபைத் தலைவர் தியாகலிங்கம் வெளியே வந்தார். ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர். ஊரில் எந்தச் சபை தொடங்கினாலும் அதற்குத் தலைவராக இருப்பது அவருக்கு ஒரு தீராத நோய் போலப் பிடித்திருந்தது.

"நீங்கள் நினைக்கிற குண்டு வேறை, நாங்கள் தடுக்கிற குண்டு வேறை" என்றார். "பிள்ளையள் அளவுக்கு மிஞ்சிக் கொழுத்துப் போகாமல் ஊர் சேர்ந்து தடுக்கிறதுதான் எங்கடை வேலை."

சனம் கையிலிருந்த உரப்பைகளைப் பார்த்தது.

"ஆரின்ரை பிள்ளையள், ஐயா?" என்று கனிசியஸ் கேட்டார்.

"உங்கடை பிள்ளையள்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் சாப்பிட்டிருக்க வேண்டும். உரப்பைகளை மடித்துக்கொண்டு போனார்கள்.

உண்மையில் இந்தத் திட்டம் கொழும்பில், காரைவிட்டு இறங்காமலே ஐஸ்கிறீம் வாங்கித் தின்கிற பிள்ளைகளுக்காகத் தீட்டப்பட்டது. முதலில் யாழ்ப்பாணத்தை அதில் சேர்க்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட தியாகலிங்கம் கொதித்துப்போனார். 'எமது பிரதேசம் தொடர்ந்து புறக்கணிக்கப்படுகிறது' என்று மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. மருந்து ஏற்றிவர இடமில்லாத கப்பலில் பதினான்கு பக்கப் படிவங்கள் எண்ணூறும், ஒரு தட்டச்சுப் பொறியும், ஒரு தராசும் வந்திறங்கின. மாதக் கூட்டத்தில் சீனி போட்ட தேநீர் கொடுக்கவும் திட்டத்தில் இடமிருந்தது. ஊரில் மற்ற எல்லோரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த காலம் அது. சபைக்குப் பதினேழு உறுப்பினர்கள் ஒரே நாளில் சேர்ந்தார்கள்.

களத்துக்குப் போகிற அதிகாரியாக முத்துக்குமாரு நியமிக்கப்பட்டான். இருபத்தாறு வயது, பட்டதாரி, இரண்டு வருடமாக வேலை தேடி அலைந்தவன். அவன் ஊர்ப் பிள்ளைகளை மாதா கோயில் வளவுக்கு வரவழைத்துத் தராசில் நிறுத்தான். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். படிவத்தில் 'மிகைப்பருமன்' என்று ஒரு கட்டமும், 'மிகைப்பருமனாகும் அபாயம்' என்று ஒரு கட்டமும் இருந்தன. மெலிந்த பிள்ளைக்குக் கட்டமில்லை. விலா எலும்பை எண்ணக்கூடிய பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்க, அவன் இரண்டு கட்டத்திலும் கோடு இழுத்து, 'பொருந்தாது' என்று எழுதிக்கொண்டே போனான். நானூறாவது பிள்ளை தாண்டியபோது தியாகலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. ஒரு கொழுத்த பிள்ளைகூட இல்லையென்றால் திட்டம் மூடப்படும். தட்டச்சுப் பொறியைத் திருப்பி அனுப்ப வேண்டும். தேநீரும் போய்விடும்.

கடைசிக்குக் கிட்ட கனிசியஸின் மனைவி மார்கிரட் மகளோடு வந்தாள். ஜெசிந்தாவுக்கு ஐந்து வயது. முகம் பூரித்து, கன்னம் உப்பி, வயிறு முன்தள்ளியிருந்தது.

"இருபது கிலோ" என்றான் முத்துக்குமாரு. மற்ற ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒருவரும் பதினான்கைத் தாண்டவில்லை.

தியாகலிங்கம் எழுந்து வந்து தராசைத் தன் கண்ணால் பார்த்தார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்.

"ஐயா, இது வீக்கம்" என்றாள் மார்கிரட். "போன மாதம் வரைக்கும் உவள் ஈர்க்கு மாதிரி இருந்தவள். விடியக் கண் திறக்கேலாமல் கிடக்குது. மூத்திரச் சலம் போறதும் குறைவு."

"எல்லாத் தாய்மாரும் முதலிலை இப்பிடித்தான் மறுப்பினம்" என்றார் தியாகலிங்கம் கனிவாக. "கைந்நூலிலை ஆறாம் பக்கம் போட்டிருக்கு."

அடுத்த வாரம் பதினொரு பேர் கனிசியஸின் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் இரண்டு கதிரை. தலைவர் ஒன்றில் இருக்க, படிவம் மற்றதில் இருந்தது. முத்துக்குமாரு நின்றுகொண்டு வாசித்தான்.

"பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் தொலைக்காட்சி பாக்கிறா?"

"கரண்ட் நிண்டு ரெண்டு வருசம், தம்பி" என்றார் கனிசியஸ்.

"மணித்தியாலத்தைச் சொல்லுங்கோ."

"பாக்கிறேல்லை."

"பாக்கிறேல்லை எண்டதுக்கு இதிலை இடமில்லை. ரெண்டுக்குக் குறைவெண்டு போடுறன். பள்ளிக்கூடத்துக்கு எந்த வாகனத்திலை போறவ?"

"நடந்துதான். குண்டு போடுற பொம்மர் வந்தால் ஓடி."

"ஓடுறது நல்லம்" என்று தலைவர் இடையில் சொன்னார். "எழுதும், முத்துக்குமாரு. உடற்பயிற்சி: இடைக்கிடை."

"வெண்ணெய், சீஸ், சொக்கிளேற், இதுகளிலை எது கூட விருப்பம்?"

கனிசியஸ் மனைவியைப் பார்த்தார். மார்கிரட் உள்ளே போனாள். அடுப்படியில் ஒரு பானை கவிழ்ந்திருந்தது. அவள் அதை எடுத்துவந்து பதினொரு பேருக்கும் முன்னால் நிமிர்த்திக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

முத்துக்குமாரு அந்தக் கேள்விக்கு நேரே, 'தகவல் தர மறுத்தனர்' என்று எழுதினான்.

அன்று பின்னேரம் மார்கிரட் புருசனோடு சண்டை பிடித்தாள். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். ஆரோ வந்து கதிரையிலை குந்தியிருந்து என்ரை பிள்ளையைக் கொழுப்பெண்டுறான்."

"படிச்ச மனுசர், மார்கிரட். ஒண்டில்லை, பதினொரு பேர். எல்லாருமே பிழை விடுவினமோ? நாங்கள் என்ன கண்டம்?"

இந்த வார்த்தையைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் கனிசியஸுக்கு நெஞ்சு எரிந்தது.

சபை வேலையைத் தொடங்கியது. திட்டத்தின் உயிர்நாடி மக்கள் பங்கேற்பு என்றபடியால், பிள்ளை என்ன தின்கிறாள் என்று பார்க்க அயலவர்களுக்கு முறை வகுத்தார்கள். திங்கட்கிழமை முன்வீடு, செவ்வாய்க்கிழமை பின்வீடு. பக்கத்து வீட்டு மரியநாயகி தன் கோழி இட்ட முட்டையை அவித்து, தன் பிள்ளைக்குப் பாதியும் ஜெசிந்தாவுக்குப் பாதியும் கொடுத்தாள். அது வியாழக்கிழமை. கண்காணிப்பவர் கண்டுவிட்டார். மரியநாயகி சபைக்கு அழைக்கப்பட்டாள்.

"பாதி முட்டைதானே, ஐயா."

"இண்டைக்குப் பாதி. நாளைக்கு?"

"நாளைக்குக் கோழி இடாது. அதுவும் பட்டினி."

எச்சரித்து அனுப்பினார்கள். காலையில் கோயில் வளவை ஆறு சுற்று ஓட வேண்டும் என்பது அடுத்த விதி. ஜெசிந்தா இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் குண்டுவீச்சு விமானம் வந்தது. உறுப்பினர்கள், தலைவர், முத்துக்குமாரு எல்லோரும் கோயில் பங்கருக்குள் பாய்ந்தார்கள். பிள்ளை ஓட ஏலாமல் வளவின் நடுவில் நின்றாள். மார்கிரட்தான் வெளியே ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தாள். விமானம் போனபின் முத்துக்குமாரு குறிப்பேட்டில், 'தாய்: விரைவோட்டம், திருப்தி. பிள்ளை: ஒத்துழைப்புக் குறைவு' என்று பதிந்தான்.

ஒரு மாதம் கழிந்து நிறுத்தபோது ஜெசிந்தா இருபத்திரண்டரைக் கிலோ இருந்தாள்.

சபை அதிர்ச்சியடைந்தது. கள்ளமாகச் சாப்பாடு போகிறது என்று ஏகமனதாக முடிவாகியது. கனிசியஸின் நிவாரண அட்டையைத் தலைவர் வாங்கித் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். அரிசி தவிர, பருப்பு, சீனி, மா எல்லாம் பிள்ளை இளைக்கும்வரை அந்த வீட்டுக்கு நிறுத்தப்படும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கனிசியஸ் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். கண்மடல்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. கால் மினுங்கியது. தேநீர் பரிமாறி முடியும்வரை வாசலில் நிற்கும்படி சொன்னார்கள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கடை பிரிவிலை நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளையளிலை நானூற்றுப் பதினொரு பேரை மிகைப்பருமனிலையிருந்து காப்பாத்தியிருக்கிறம். இது சின்ன விசயமில்லை. கொழும்பிலை ஏலாததை நாங்கள் செய்திருக்கிறம். காரணம் என்ன? எங்கடை கட்டுப்பாடு. சீனி கண்டாலும் தொடமாட்டம்" என்று சொல்லி, கோப்பையின் அடியில் கரையாமல் கிடந்த சீனியை விரலால் வழித்து நக்கினார். "மிச்சம் ஒரே ஒரு குடும்பம். அந்த ஒரு குடும்பத்தாலை மாவட்டத்தின்ரை பெயர் கெடுது."

கனிசியஸ் உள்ளே வந்தார். பிள்ளையை மேசையில் இருத்தினார். அவளுடைய காலெலும்பில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. புளியங்கொட்டை வைக்கலாம் போல ஆழமான குழி.

"பாருங்கோ. கொழுப்பெண்டால் குழி விழுமோ? இவ்வளவு பேர் படிச்சனீங்கள், ஒரு ஆள் சொல்லுங்கோ. குழி விழுமோ?"

பதினேழு பேரும் எட்டிப் பார்த்தார்கள். குழி மெல்ல மெல்ல மேலெழுந்தது. முத்துக்குமாரு படிவத்தைப் புரட்டினான்.

"குழிக்குக் கட்டமில்லை, சேர்" என்றான் தாழ்ந்த குரலில்.

"வேறு குறிப்புகள் எண்டதுக்குள்ளை போடும்" என்றார் தலைவர். "அடுத்த கூட்டத்திலை ஆராய்வம்."

கனிசியஸுக்கு வாயில் வந்த சொற்களை மாதா படம் தொங்கிய அந்த அறையில் சொல்ல முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிச் சைக்கிள் பாரில் இருத்தி, ஒரு கையால் அணைத்தபடி பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தார். வழி முழுக்கத் தன்னைத்தானே ஏசிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு பெண் டொக்டர். முதல்நாள் முழுதும் நின்றே வேலை செய்தவளின் முகம். பிள்ளையின் காலைத் தொட்டதுமே அவள் முகம் மாறியது. கொஞ்சம் சலம் எடுப்பித்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சின்ன விளக்கில் சூடாக்கினாள். தெளிவாக இருந்த நீர் முட்டை வெள்ளைக்கரு அவிந்தது போல வெள்ளையாகத் திரண்டது.

"கிட்னி வருத்தம். உடம்பிலை உள்ள புரதமெல்லாம் இதுக்குள்ளாலை போகுது. இது கொழுப்பில்லை, அவ்வளவும் தண்ணி. சாப்பாடு என்ன குடுக்கிறனீங்கள்?"

"நிப்பாட்டினம்."

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"குண்டுத் தடுப்புச் சபை சொன்னது."

டொக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குண்டுக்கும் சலத்துக்கும் என்ன தொடர்பு?"

கனிசியஸ் தொடக்கத்திலிருந்து விளக்கினார்.  கேட்டு முடிந்தபின் அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். "இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தியள் எண்டால் பிள்ளை இல்லை" என்றாள். "குளிசை கொஞ்சம் கிடக்கு. இவவுக்குப் போதும். உப்பைக் குறையுங்கோ. பருப்பு, மீன், கிடைக்கிறதைக் குடுங்கோ."

மார்கிரட் ஆஸ்பத்திரி வாட்டில் மகளோடு இருந்தாள். புருசனை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பத்தாம் நாள் ஜெசிந்தாவுக்குச் சலம் போகத் தொடங்கியது. அன்று பதினொரு தரம் போனாள். ஒவ்வொரு தரமும் மார்கிரட் சிலுவை போட்டுக்கொண்டாள். வீக்கம் வடியவடிய, அதற்குள் ஒளிந்திருந்த பிள்ளை வெளியே வந்தாள். முகம் சுருங்கி, கைகால் குச்சியாகி, பழைய ஈர்க்கு ஜெசிந்தா. வீட்டுக்கு வந்த அன்று முத்துக்குமாரு தராசோடு வந்தான்.

"பதின்மூன்றரை!"

தியாகலிங்கம் அன்றே ஓடி வந்தார். "ஒன்பது கிலோ! ரெண்டு மாதத்திலை ஒன்பது கிலோ! உலகத்திலை எங்கையும் நடக்கேல்லை."

"ஐயா, அது ஆஸ்பத்திரியிலை…"

"ஆஸ்பத்திரியும் சமூகத்தின்ரை ஒரு பங்குதானே, கனிசியஸ்!"

பாராட்டு விழா ஏற்பாடாகியது. மேடையில் நிவாரண அட்டையைத் திருப்பித் தருவதாகவும், அதற்குமுன் கனிசியஸ் நாலு வரி பேச வேண்டும் என்றும் தலைவர் சொன்னார். நாலு வரியையும் தட்டச்சுச் செய்தே கொடுத்தார். 'அறியாமையால் எமது பிள்ளையை நாம் கொழுக்க வைத்தோம். சபை எமது கண்களைத் திறந்தது' என்று அது தொடங்கியது.

"சொல்லுவியளோ?" என்று மார்கிரட் கேட்டாள்.

"சொல்லத்தான் வேணும். பிள்ளைக்குப் பருப்பு வேணுமெல்லோ."

அவர் அதைப் பாடமாக்கினார். 

விழாவுக்குக் கோயில் வளவு நிரம்பச் சனம். கார் பற்றறியில் ஒலிபெருக்கி வேலை செய்தது. ஜெசிந்தாவை மேடையில் ஏற்றி, வீங்கிய நாளில் சபை எடுத்துவைத்த படத்தையும் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்கள். தியாகலிங்கம் அரை மணித்தியாலம் பேசிவிட்டுக் கடைசியில் குரலை உயர்த்தினார்.

"ஒரு வீட்டுக்குப் பருப்பும் சீனியும் நிப்பாட்டின உடனை இவ்வளவு பலன் எண்டால், எல்லா வீட்டுக்கும் நிப்பாட்டினால் என்ன பலன் வரும்! ஆகவே வாற மாதத்திலையிருந்து இந்த வழிமுறையை நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளையளுக்கும் விரிவுபடுத்தச் சபை தீர்மானிச்சிருக்கு. இப்ப கனிசியஸ் தன்ரை அனுபவத்தைச் சொல்லுவார்."

கனிசியஸ் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். கையில் கடதாசி. முன்னால் சனம். இடுப்பில் பிள்ளையோடு நின்ற மரியநாயகியின் முகத்தை அவர் பார்த்தார். நாலு வரியும் மறந்துபோயிற்று.

"என்ரை பிள்ளைக்குக் கிட்னி வருத்தம்" என்றார். "இவையள் கொழுப்பெண்டினம். நானும் நம்பினன். நம்பி, பட்டினி போட்டன். பெத்த தேப்பன் நான், என்ரை கையாலை பட்டினி போட்டன். குளிசை குடுத்துப் பிழைக்க வைச்சது டொக்டர். இவையள் ஒரு மயிரும் புடுங்கேல்லை. உங்கடை பிள்ளையளின்ரை வாயிலையும் மண் போடப்போகினம். விடாதையுங்கோ!"

மேலே பேச அழுகை விடவில்லை. பெண்கள் மேடைக்கு ஏறினார்கள். மார்கிரட் தலைவரின் கைக்குள் இருந்த கோப்பைப் பறித்து, தன் அட்டையை எடுத்துக்கொண்டு, மிச்சக் கடதாசிகளை அவர் காலடியில் போட்டாள். தலைவர் ஒலிவாங்கியைக் கட்டிப்பிடித்தபடி, "அமைதி, அமைதி, தேநீர் இருக்கு" என்றார். பற்றறி அந்தளவில் இறங்கிவிட்டது.

சபையின் கூட்ட அறிக்கையில் இந்நிகழ்ச்சி, 'திரு. கனிசியஸ் உணர்ச்சிபூர்வமாக நன்றியுரை வழங்கினார். தாய்மார் பெருமளவில் மேடையேறிப் பங்கேற்றனர்' என்று பதிவாகியுள்ளது.

அடுத்த மாதம் கப்பல் வரவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துவதற்குப் பருப்போ சீனியோ இருக்கவில்லை. ஆண்டறிக்கையில் தியாகலிங்கம், 'நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் வீடுகளிலும் பருப்பு, சீனி பாவனை முற்றாக ஒழிக்கப்பட்டது. இலக்கு நூறு வீதம் எட்டப்பட்டது' என்று எழுதினார். அது பொய்யல்ல. கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதமும், மேலும் எண்ணூறு படிவமும் வந்தன.

கனிசியஸ் ஒருவருக்கும் தெரியாமல் கரைக் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சிறு வலை போடத் தொடங்கினார். தடைதான். கடற்படையின் கண்ணில் பட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆனால் நாளுக்கு நாலு மீன் பட்டது.

ஒரு மத்தியானம் முத்துக்குமாரு தொடர்கண்காணிப்புக்காகத் தராசோடு வந்தான். ஜெசிந்தா பதினான்கேகால் கிலோ இருந்தாள். முக்கால் கிலோ ஏற்றம். படிவத்தின்படி அது பின்னடைவு, சபைக்கு உடனே அறிவிக்க வேண்டும். அவன் பேனாவைத் திறந்தான். அடுப்பில் மீன்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் பேனாவைப் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய களிசான் இடுப்பில் நிற்காமல் தும்புக் கயிற்றால் கட்டப்பட்டிருந்ததை மார்கிரட் அப்போதுதான் கண்டாள்.

"காலமை என்ன சாப்பிட்டனீர், தம்பி?"

அவன் படிவத்தை ஒருமுறை புரட்டினான். அந்தக் கேள்விக்கும் கட்டமில்லாமல் இருந்திருக்கலாம்.

மார்கிரட் பனையோலையைக் கிண்ணம் போலப் பிளாவாகக் கோலி, கூழ் வார்த்துக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். இன்னொன்று வார்த்தாள். அதையும் குடித்தான். கண்ணில் நீர் வந்தது, கூழின் உறைப்பாலும் இருக்கலாம். வாயைத் துடைக்காமலே குந்தியிருந்து படிவத்தை நிரப்பினான். எடை: பதின்மூன்றரை. வீட்டில் மேலதிக உணவு வழங்கப்படுகிறதா? இல்லை. தெரிந்தே அவன் எழுதிய முதலாவது பொய் அது.

வேலிப் படலை வரை போனவன் திரும்பினான்.

"அடுத்த மாதமும் நிறுக்க வரவேணும், அக்கா" என்றான், தரையைப் பார்த்தபடி. "இதே நேரத்துக்கு வரட்டோ?"